ஒரு வாட்டின் பாகப்பிரிவினை

ஆயிரம் ஆண்டெனாக்களுக்குச் சக்தியைப் பங்கு போட்டுக் கொடுக்கும் சின்ன உறுப்பு எவ்வளவு மலிவாக அமைகிறதோ, அவ்வளவுக்கு ரேடாரும் எட்டும் விலைக்கு வருகிறது. திருப்பதி வட்டாரம் இதை முப்பது ஆண்டுகளாகக் கற்றுவருகிறது.

திருமலையில் தரிசனம் முடித்து, ராகு - கேது பரிகாரத்துக்காகக் காளஹஸ்திக்குப் போகும் தமிழ்நாட்டு பஸ்கள் ஏர்பேட்டில் பெரும்பாலும் நிற்பதில்லை. ரேணிகுண்டாவைத் தாண்டி, கூடூர் ரயில் பாதையை ஒட்டிக் கிடக்கும் சிறிய மண்டலத் தலைநகரம் அது. 2022-ல் சித்தூர் மாவட்டத்துக்குப் பாகப்பிரிவினை நடந்தபோது புதிய திருப்பதி மாவட்டத்தின் பங்கில் விழுந்தது. 2015-ல் தொடங்கப்பட்ட திருப்பதி ஐ.ஐ.டி., ஐசர் என்ற இரண்டு மத்திய கல்வி நிறுவனங்களின் நிரந்தர வளாகங்கள் இந்தப் பக்கத்தில்தான் எழுந்தன. இதே மண்டலத்தின் விக்ருதமாலா கிராமத்து எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்பேட்டையில் டிவி, செல்போன் திரைகள் செய்யும் ஆலை 2022-ல் திறக்கப்பட்டது.

திருப்பதிக்கு மறுபுறம், சித்தூர் போகும் சாலையில், குன்றுகள் சூழ்ந்த காதங்கி கிராமம். அங்கே தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இருக்கிறது. வயல்வெளி போன்ற ஒரு பெரிய சதுரம். 130 மீட்டர் நீளம், 130 மீட்டர் அகலம். அதில் பயிருக்குப் பதிலாக வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளில் 1,024 ஆண்டெனாக்கள் நட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு காலத்தில் தூர்தர்ஷன் பார்ப்பதற்காக மொட்டை மாடிகளில் நின்ற அலுமினியக் குழாய் ஆண்டெனாக்களுக்கு இவை நெருங்கிய உறவு. ஒரே வித்தியாசம், இவை வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கின்றன. 53 மெகாஹெர்ட்ஸ் அலையை மேலே அனுப்பி, காற்றின் கொந்தளிப்பில் பட்டுத் திரும்பும் மிக மெல்லிய எதிரொலியைப் பிடித்து, தலைக்கு மேலே எந்த உயரத்தில் காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக வீசுகிறது என்று சொல்வதுதான் இந்த ரேடாரின் வேலை. பருவமழையின் போக்கைப் புரிந்துகொள்ளவும், மேல்காற்று தெரியாமல் ராக்கெட் ஏவ முடியாத விண்வெளித் துறைக்கும் இந்தக் கணக்கு வேண்டும்.

ஆயிரத்துச் சொச்சம் ஆண்டெனாக்களும் ஒன்றாக, ஒரே தாளத்தில் இயங்கினால்தான் அலை ஒரு கற்றையாகக் குவியும். அதற்கு ஒரே மூலத்திலிருந்து பிறக்கும் சக்தியைச் சரியாகப் பங்கு போட வேண்டும். ரேடாரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆண்டெனாவைப் படம் பிடிப்பார்கள், கம்ப்யூட்டர் திரையைக் காட்டுவார்கள். இடையில் பங்கு போடும் பெட்டியை யாரும் கண்டுகொள்வதில்லை. செலவுக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு மட்டும் அதை மறக்க முடியாது; ஒரு வீட்டுக்கு இரண்டு பிரிப்பான் போதும், இங்கே ஆயிரத்தை நெருங்கும்.

சமாசாரம் புதிதல்ல. 1990-களில் கேபிள் டிவி வந்த வீடுகளில் எல்லாம் அது இருந்தது. ஹாலில் ஒரு டிவி, படுக்கையறையில் ஒரு டிவி என்றானபோது கேபிள்காரர் ஒரு சின்ன உலோக டப்பாவை மாட்டிவிட்டுப் போனார். ஒரு பக்கம் கேபிள் நுழையும், மறுபக்கம் இரண்டு கேபிள்கள் வெளியேறும். அதுதான் ஸ்ப்ளிட்டர். அதன் மேல் 3.5 டெசிபல் என்று அச்சாகியிருக்கும். சரிபாதி என்பது 3 டெசிபல். மீதி அரை டெசிபல் டப்பாவுக்குள்ளேயே தொலைகிறது என்று அர்த்தம்.

டப்பாவுக்குக் காசு கொடுக்க மனமில்லாதவர்கள் கேபிளை வெட்டி, கம்பிகளை முறுக்கி இணைத்தார்கள். படம் வந்தது. கூடவே ஒவ்வொரு முகத்துக்கும் பின்னால் ஒரு நிழல் முகமும் வந்தது. டிவி கேபிளின் மின்மறுப்பு 75 ஓம். இரண்டை ஒன்றாக முறுக்கினால் வந்து சேரும் அலைக்கு எதிரே 37.5 ஓம் தெரிகிறது. பொருத்தமில்லாத அந்த இடத்தில் ஒன்பதில் ஒரு பங்கு சக்தி வந்த வழியே திரும்பி ஓடுகிறது. கணக்குப் பார்த்தால் 11 சதவீதம்தான். பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் திரும்பிப் போன அலை வேறெங்காவது முட்டி மறுபடி வருகிறது, தாமதமாக. அதுதான் நிழல். அத்துடன், ஒரு டிவியில் ஏற்படும் கோளாறு தடையின்றி மற்ற டிவிக்கும் பரவுகிறது. டிவியில் இது எரிச்சல். ரேடாரில் தவறான காற்று.

தெருவில் கேபிள்காரர் வேறொரு டப்பாவையும் மாட்டினார். அதற்கு ‘டேப்’ என்று பெயர். அது சமமாகப் பிரிப்பதில்லை. கம்பத்தில் ஓடும் பெரிய கேபிளிலிருந்து கொஞ்சத்தை மட்டும் கிள்ளி வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அடுத்த கம்பத்துக்கு அனுப்பும். பூஸ்டருக்குப் பக்கத்து வீட்டுக்கு நூறில் ஒரு பங்கைக் கிள்ளும் டேப், தெருக்கோடி வீட்டுக்கு அதைவிடத் தாராளமானது. கடைசி வீட்டுக்கும் முதல் வீட்டுக்கும் படம் ஒரே மாதிரித் தெரிந்தது இந்தக் கைக்கணக்கால்தான்.

காதங்கியின் எம்.எஸ்.டி. ரேடாரும் இதே கணக்கைத்தான் பெரிய அளவில் போட்டது. விண்வெளித் துறை உள்ளிட்ட பல மத்திய அரசுத் துறைகள் சேர்ந்து பணம் போட, மும்பையின் ‘சமீர்’ நிறுவனம் கட்டிய அந்த ரேடார் 1990-களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியது. 32 டிரான்ஸ்மிட்டர்கள். ஒவ்வொன்றும் ஒரு வரிசையில் உள்ள 32 ஆண்டெனாக்களுக்குப் பொறுப்பு. எல்லாம் சேர்ந்து உச்ச சக்தி இரண்டரை மெகாவாட். துடிப்புத் துடிப்பாக அனுப்புவதால், நேரத்தில் இரண்டரை சதவீதம் வரைதான் டிரான்ஸ்மிட்டர் ‘ஆன்’ ஆகியிருக்கும்.

வரிசையின் நடுவில் சக்தியை ஏற்றி, இரு பக்கமும் ஓடும் குழாய்க் கேபிளில் வழிநெடுக டேப் வைத்தது போன்ற அமைப்பு. ஒரு பக்கத்துக்கு 16 ஆண்டெனா. எல்லாருக்கும் சமபங்கு என்று வைத்துக்கொண்டால், முதல் டேப் வருவதில் 16-ல் ஒன்றை எடுக்க வேண்டும். இரண்டாவது, மிஞ்சியதில் 15-ல் ஒன்றை. கடைசிக்கு முந்தையது சரிபாதியை. ஒவ்வொரு டேப்பும் வேறு வேறு அளவு. தச்சர் ஒரே மாதிரி பதினாறு நாற்காலி செய்வதற்கும், பதினாறும் வெவ்வேறு உயரத்தில் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

இதில் இன்னொரு சிக்கல். சமபங்கு கொடுத்தாலும் ரேடாருக்கு ஆகாது. சமமாக ஊட்டினால் முக்கியக் கற்றையின் இரு பக்கமும் சிறு கற்றைகள் வலுவாகக் கிளம்பும். காதங்கியைச் சுற்றிக் குன்றுகள். பக்கக் கற்றை குன்றில் பட்டுத் திரும்பினால் அதன் சத்தத்தில் மேல்காற்றின் முணுமுணுப்பு காணாமல் போகும். ஆகவே நடு ஆண்டெனாக்களுக்கு அதிகம், ஓரத்துக்குக் குறைவு என்று பங்கிட்டார்கள். ஒரு திசையில் டேப்புகளின் அளவை மாற்றி, மறு திசையில் டிரான்ஸ்மிட்டர்களின் சக்தியையே மாற்றி. ஓரத்து டிரான்ஸ்மிட்டர் 15 கிலோவாட். நடுவில் இருப்பது 120 கிலோவாட். குடும்பச் சொத்தில் மூத்தவனுக்கு அதிகம் என்பது போல.

120 கிலோவாட்டைப் பங்கு போடுவது கேபிள்காரர் வேலை இல்லை. 50 ஓம் கேபிளில் அந்தச் சக்தி ஓடும்போது உச்ச மின்னழுத்தம் 3,400 வோல்ட்டைத் தாண்டும். பிரிக்கும் இடத்தில் ஒரு கூர்முனை, கொஞ்சம் ஈரம், ஒரு பூச்சி போதும், பொறி பறக்கும். விரயமும் சும்மா விடாது. 32 பங்காகப் பிரிக்க, இரண்டிரண்டாகப் பிரித்தால் ஐந்து படி. படிக்கு வெறும் 0.2 டெசிபல் தொலைகிறது என்று வைத்தாலும் மொத்தம் ஒரு டெசிபல், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. 120 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரின் சராசரி சக்தி 3 கிலோவாட். அதில் ஐந்தில் ஒன்று என்றால் 600 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டியைப் பிரிப்பான்களுக்குள் நாளெல்லாம் சூடாக வைத்திருப்பதற்குச் சமம். தடித்த செம்பு, பருத்த கேபிள், வெப்பம் தாங்கும் ரெசிஸ்டர் என்று விலை ஏறிக்கொண்டே போகும். உயர்ந்த சக்தியில் மலிவான பிரிப்பான் என்று ஒன்று கிடையாது.

தாழ்ந்த சக்தியில் உண்டு. அதன் சூத்திரத்தை அமெரிக்கப் பொறியாளர் எர்னஸ்ட் வில்கின்சன் 1960-ல் வெளியிட்டார். அறுபது ஆண்டு கடந்தும் உலகம் முழுக்க மைக்ரோவேவ் வகுப்புகளில் மாணவர்கள் முதலில் செய்து பார்க்கும் சர்க்யூட்டுகளில் ஒன்று அது. உள்ளே வரும் 50 ஓம் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் கால் அலைநீளம். அதன் மின்மறுப்பு 70.7 ஓம், அதாவது 50-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கியது. கால் அலைநீளப் பாதைக்கு ஒரு வினோத குணம்: ஒரு முனையில் 50 ஓமைக் கட்டினால் மறுமுனையில் 100 ஓமாகக் காட்டும். இரண்டு நூறு ஓம்கள் பக்கவாட்டில் சேர்ந்தால் 50. வந்த அலைக்கு எதிரே தன்னைப் போலவே 50 ஓம் தெரிகிறது. முட்டித் திரும்பக் காரணம் இல்லை. இரண்டு வெளிவாசல்களுக்கும் நடுவே 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. எல்லாம் சரியாக இருக்கும்போது அதன் இரு முனையிலும் ஒரே மின்னழுத்தம் என்பதால் அது எதையும் தின்பதில்லை. ஒரு வாசலில் கோளாறு நேர்ந்து அலை திரும்பி வந்தால், அடுத்த வீட்டுக்குப் போகவிடாமல் கிளைகளும் ரெசிஸ்டருமாகச் சேர்ந்து தடுத்துவிடுகின்றன. நல்ல காலத்தில் சம்பளம் கேட்காத காவல்காரர்.

அந்த ரெசிஸ்டரையும் மிச்சம் பிடித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இரு பக்கமும் என்றைக்கும் மாறாத 50 ஓம் என்றால் மிச்சம் பிடிக்கலாம். ஆண்டெனா வரிசையில் அது நடக்காது. பக்கத்துப் பக்கத்து ஆண்டெனாக்கள் ஒன்றின் அலையை ஒன்று பிடித்துக்கொள்கின்றன. கற்றையை ஒரு பக்கம் சாய்த்தால் ஒவ்வொரு ஆண்டெனாவின் மின்மறுப்பும் மாறிவிடுகிறது. சில்லறைக் காசு ரெசிஸ்டரில் சிக்கனம் பார்த்து, கற்றையைக் கெடுத்துக்கொள்வதில் புத்திசாலித்தனம் இல்லை.

சிக்கனத்துக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. 53 மெகாஹெர்ட்ஸையே எடுத்துக்கொள்ளலாம். அலைநீளம் 5.66 மீட்டர், அதில் கால் பங்கு 1.41 மீட்டர். கேபிளுக்குள் அலை மெதுவாகப் போகும். திட பாலித்தீன் கேபிளில் வெளியில் போகும் வேகத்தில் 66 சதவீதம். ஆக 93 செ.மீ. நீளத் துண்டு கால் அலைநீளம். நுரை பாலித்தீன் போட்ட கேபிள் என்றால் ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 70.7 ஓம் கேபிளைக் கடையில் கேட்டால் சிரிப்பார்கள். 75 ஓம் டிவி கேபிள் எந்த ஊர் எலெக்ட்ரிக்கல் கடையிலும் சுருள் சுருளாகத் தொங்குகிறது. அதையே வைத்தால் என்ன ஆகும்? 50-க்குப் பதில் 56 ஓம் சொச்சம் தெரியும். திரும்பிப் போகும் சக்தி ஆயிரத்தில் மூன்றரை பங்கு. பெரும்பாலான வேலைகளுக்கு அது கண்டுகொள்ளத் தேவையில்லாத பிழை. இரண்டு கேபிள் துண்டு, ஒரு ரெசிஸ்டர், ஒரு டப்பா, பிரிப்பான் தயார்.

கேபிள்காரரின் டப்பாவுக்குள் இந்த நீளக் கணக்கும் கிடையாது. மோதிர அளவு ஃபெரைட் வளையத்தில் மெல்லிய கம்பியைச் சில சுற்றுச் சுற்றிய குட்டி டிரான்ஸ்ஃபார்மர்தான் அங்கே பங்கு போடுகிறது. கால் அலைநீளப் பிரிப்பான் ஒரு அதிர்வெண்ணையும் அதன் அக்கம்பக்கத்தையும் மட்டும் கவனிக்கும். ஃபெரைட் வளையம் கேபிள் டிவியின் எல்லாச் சேனல்களையும் ஒரே மாதிரி நடத்தும். விலையும் குறைவு. ஆனால் சக்தி கூடினால் ஃபெரைட் திணறும். இரண்டு வளையங்கள் இரட்டைப் பிள்ளைகளாக இருப்பதும் அபூர்வம். நூற்றுக்கணக்கில் வாங்கி, அளந்து, ஜோடி சேர்க்க வேண்டும். கூலியைக் கணக்கில் சேர்த்தால் மலிவு கொஞ்சம் சுருங்கும்.

இத்தனை மலிவு வழிகள் இருந்தும் 120 கிலோவாட்டில் ஒன்றும் செல்லாது. ஆகவே கேள்வியே மாறியது. பிரிப்பானை மலிவாக்குவதைவிட, பிரிக்கும் இடத்தை மாற்றினால்? முதலில் பெருக்கிப் பிறகு பங்கு போடாமல், முதலில் பங்கு போட்டுப் பிறகு ஒவ்வொரு பங்கையும் தனித்தனியே பெருக்கினால்?

காதங்கி ரேடார் அதைத்தான் செய்தது. 2005-ல் தேசிய ஆய்வுக்கூடமாக உயர்ந்த அந்த நிறுவனம், பின்னர் வெற்றிடக் குழாய் டிரான்ஸ்மிட்டர்களுக்கு விடைகொடுத்து, ஒவ்வொரு ஆண்டெனாவுக்கும் தனித்தனியாக ஒரு கிலோவாட் திறனுள்ள டிரான்ஸிஸ்டர் அனுப்பி - வாங்கிப் பெட்டியைக் கொடுத்தது. 1,024 ஆண்டெனா, 1,024 பெட்டி. ஒரு கிலோவாட் பெட்டியிலிருந்து நேராக ஆண்டெனாவுக்குப் போகிறது. உயர்ந்த சக்தியில் பங்கு போடும் வேலையே இல்லை.

இந்த மாதிரி அமைப்பில் பங்கு போட வேண்டிய சக்தி எவ்வளவு? பெட்டி ஒவ்வொன்றுக்கும் தூண்டுதலாக ஒரு மில்லிவாட் வேண்டும் என்று வைத்தால், 1,024-க்கும் சேர்த்து ஒரு வாட்தான். இரண்டிரண்டாகப் பிரித்தால் பத்துப் படி. படிக்கு 0.2 டெசிபல் வீதம் இரண்டு டெசிபல், 37 சதவீதம் தொலையும். தொலையட்டும். ஒரு வாட்டுக்குப் பதில் 1.6 வாட் ஏற்றினால் போயிற்று. டார்ச் லைட் பல்பின் சக்தி அது. இரண்டரை மெகாவாட்டில் 37 சதவீதம் தொலைந்திருந்தால் ரேடாரையே மூடியிருக்க வேண்டும். 3,400 வோல்ட் பாய்ந்த பாதையில் இப்போது 13 வோல்ட்டுக்கு மேல் தேவையில்லை. அச்சிட்ட செம்புப் பட்டையும் சில்லறைக் காசு ரெசிஸ்டரும் போதும். பங்கு அளவையும் பிரிப்பானில் செதுக்க வேண்டியதில்லை; பெட்டியின் பெருக்கத்தைக் கூட்டிக் குறைத்தே நடுவுக்கு அதிகம், ஓரத்துக்குக் குறைவு என்று கொடுக்கலாம். எல்லாப் பிரிப்பான்களும் ஒரே அச்சு. தச்சருக்கு நிம்மதி.

செலவு மறைந்துவிடவில்லை, இடம் மாறியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆயிரம் பெட்டிகளுக்கும் மின்சாரம், குளிர்ச்சி, மழைக் காப்பு எல்லாம் வேண்டும். ஆயிரம் பொருள் இருந்தால் எப்போதும் ஏதாவது ஒன்று பழுதாகித்தான் இருக்கும். ஆனால் பழையதில் ஒரு 120 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் படுத்தால் மொத்த சக்தியில் ஏறக்குறைய 5 சதவீதம் போகும், அதுவும் நடுப்பகுதியிலிருந்து. புதியதில் ஒரு பெட்டி படுத்தால் ஆயிரத்தில் ஒன்று. கற்றைக்குத் தெரியவே தெரியாது. அடுத்த நாள் ஆள் போய் மாற்றிக்கொள்ளலாம். கேரளத்தில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 205 மெகாஹெர்ட்ஸில் 619 ஆண்டெனாக்களுடன் ஒரு ரேடாரை நடத்துவது சாத்தியமானதும் இந்தப் பாதையில்தான். பல்கலைக்கழகம் ஒன்றின் வளாகத்துக்குள் இவ்வளவு பெரிய ரேடார் என்பது 1990-ல் பேச்சளவில்கூட இருந்திராது.

மலிவுக்கு இன்னும் நல்ல உதாரணம் காதங்கியிலேயே, பெரியவரின் நிழலில் இருக்கிறது. எம்.எஸ்.டி. ரேடாருக்குத் தரையை ஒட்டிய முதல் சில கிலோமீட்டர் சரியாகத் தெரியாது. தூரப் பார்வைக்காரர். அந்தக் குறையைத் தீர்க்க 1,280 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் சிறிய காற்று அளவி ரேடாரை ஆய்வுக்கூடத்தினர் தாமே வடிவமைத்தார்கள். ஆண்டெனாக்கள் சதுரத் தகடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிப் பெட்டி. கற்றையைச் சாய்க்க ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக அலையைத் தாமதப்படுத்தும் கருவி வைப்பதுதான் வழக்கம். விலையை ஏற்றுவதும் அதுதான். இங்கே அதைப் பெரும்பாலும் தவிர்த்து, பட்லர் வலை என்ற பழைய யோசனையைத் திருத்திப் பயன்படுத்தினார்கள்.

பட்லர் வலை பிரிப்பானின் ஒன்றுவிட்ட தம்பி. அதில் சக்தி பாதியாகப் பிரியும்போதே ஒரு பாதி கால் சுழற்சி பின்தங்கி வரும். இப்படிப்பட்ட பிரிப்பான்களைக் குறுக்கும் நெடுக்கும் பின்னி, இடையிடையே குறிப்பிட்ட நீளப் பாதைகளைச் சேர்த்தால், எந்த வாசலில் அலையை ஏற்றுகிறோமோ அதற்கேற்ப கற்றை ஒரு திசையில் சாய்ந்து எழும். அடுத்த வாசல், அடுத்த திசை. காற்றை அளக்க வானம் முழுக்கத் துழாவ வேண்டாம். நேர் மேலே ஒரு பார்வை, நாலு பக்கமும் கொஞ்சம் சாய்ந்து ஒவ்வொரு பார்வை போதும். நூறு திசைக்குக் காசு கொடுத்துவிட்டு ஐந்தில் மட்டும் பார்ப்பானேன்? பெட்டிகளுக்கு முன்னால், தாழ்ந்த சக்தியில் இருப்பதால் இந்த வலையும் மலிவாகவே அமைகிறது. போகிறபோது பிரிப்பது, வருகிறபோது சேர்ப்பது, இரண்டையும் ஒரே வலை செய்கிறது.

சேர்ப்பது என்றதும் நீலகிரி நினைவுக்கு வர வேண்டும். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் ஊட்டி அருகே முத்தொரையில் 1970-ல் செயல்படத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி அலை எதையும் அனுப்புவதில்லை, வாங்க மட்டும் செய்கிறது. 530 மீட்டர் நீளம். குவிமையக் கோட்டில் 1,056 ஆண்டெனாக்கள், 48 வீதம் 22 தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியிலும் கிளை கிளையாகச் சேர்ந்து அடிமரத்துக்கு வரும் கேபிள் மரம். பிரிப்பானைத் தலைகீழாகத் திருப்பினால் சேர்ப்பான். எந்தக் கிளை நுனியிலிருந்து வந்தாலும் அடிமரம் வரை ஒரே தூரம் என்பதுதான் மரத்தின் அழகு. எல்லா ஆண்டெனாவின் அலையும் கை கோத்தபடி வந்து சேரும்.

வாங்கும்போது விரயத்துக்கு வேறு கணக்கு. 53 மெகாஹெர்ட்ஸில் வானமே இரைச்சலாக இருக்கிறது. பால்வீதியிலிருந்து வரும் இரைச்சலின் வெப்பநிலை சில ஆயிரம் கெல்வின். கேபிளில் கொஞ்சம் தொலைந்தாலும் சிக்னலும் வானத்து இரைச்சலும் சேர்ந்தே குறையும், பாதகம் அதிகமில்லை. 1,280 மெகாஹெர்ட்ஸில் வானம் அமைதியானது. அங்கே முதல் பெருக்கிக்கு முன்னால் தொலையும் ஒவ்வொரு பத்தில் ஒரு டெசிபலும் இழப்புத்தான். எனவே மலிவான பலகை எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்பதற்கும் விதி இதுவே: பெருக்கிக்குப் பின்னால் சேர்க்கும் இடத்தில் போகலாம், ஆண்டெனாவுக்கும் பெருக்கிக்கும் நடுவில் கூடாது.

மலிவான பலகை என்பது கண்ணாடி இழையும் எபாக்ஸியும் கலந்த எஃப்.ஆர்.4. ரேடியோ முதல் வாஷிங் மெஷின் வரை பச்சை நிறத்தில் உள்ளே இருப்பது அதுதான். மைக்ரோவேவ் வேலைக்கென்றே வரும் டெஃப்லான் வகைப் பலகைகள் அதைவிடப் பல மடங்கு விலை. எஃப்.ஆர்.4 பலகையில் வழக்கமான 1.6 மி.மீ. தடிமனில், 50 ஓம் பாதைக்கு 3 மி.மீ. அகலச் செம்புப் பட்டை வேண்டும், 70.7 ஓமுக்கு அதில் ஏறக்குறைய பாதி. 1,280 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் சுமார் மூன்றேகால் செ.மீ. கட்டைவிரல் நீளத்துக்குள் முழுப் பிரிப்பானும் அடங்கிவிடும். கோளாறு எங்கே என்றால், இந்தப் பலகையின் மின்காப்பு எண் 4.2-க்கும் 4.7-க்கும் நடுவில் எங்கும் இருக்கலாம். இந்த மாதம் வாங்கிய கட்டும் அடுத்த மாதம் வாங்கும் கட்டும் ஒன்றாக இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஒரு ரேடாருக்கு வேண்டிய எல்லாப் பிரிப்பான்களையும் ஒரே கட்டுப் பலகையில் அச்சிட்டால் பிழையும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றுபோல இருக்கும் பிழை கற்றையைக் கலைக்காது. பலகையை ஒருமுறை அளந்துவிட்டு, அந்த எண்ணை வைத்து வரைந்தால் இன்னும் நல்லது.

அளப்பதுதான் வெகு காலம் முட்டுக்கட்டையாக இருந்தது. பிரிப்பான் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். அது சரியாகப் பங்கு போடுகிறதா என்று சொல்லும் நெட்வொர்க் அனலைசர் கருவி பல லட்சம். சிறிய பொறியியல் கல்லூரிகளில் அது இருக்காது. இருந்தாலும் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்கும். 2019 வாக்கில் பரவிய, உள்ளங்கையில் அடங்கும் ‘நானோ’ அனலைசர்கள் சில ஆயிரம் ரூபாய்க்கு அந்த வேலையை ஒப்பேற்றத் தொடங்கின. பெரிய கருவியின் துல்லியம் இல்லை. ஆனால் இரண்டு வாசலிலும் பாதிப் பாதி வருகிறதா, காவல்கார ரெசிஸ்டர் விழித்திருக்கிறதா என்று பார்க்க அது போதும்.

ஏர்பேடு போன்ற இடத்துக்கு இதன் அர்த்தம் பெரிது. திருப்பதி ஐ.ஐ.டி.யில் மத்திய அரசின் திட்டத்தில் அமைந்த ‘நவாவிஷ்கார்’ மையத்தின் துறை, இருப்பிடம் அறிதலும் துல்லியத் தொழில்நுட்பமும். இருப்பிடம் அறிய அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். திசை தெரிய பல ஆண்டெனாக்கள் வேண்டும். பல ஆண்டெனா என்றாலே பங்கு போட வேண்டும். அதே சாலைகளில், ஒரு பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகள், மறுபக்கம் முப்பதாண்டு ரேடார் அனுபவம். இவை மூன்றும் எவ்வளவு தூரம் பேசிக்கொள்ளப் போகின்றன என்பதைப் பொறுத்தே, அடுத்த காற்று அளவி ரேடார் ஒரு மாவட்டத் தலைநகரின் விலைக்கு வருமா, தேசிய ஆய்வுக்கூடத்தின் விலையிலேயே நிற்குமா என்பது தெரியும்.

கடைசியில் பட்ஜெட்டைத் தின்பது பிரிப்பானே அல்ல, அதன் வாசல்களில் இருக்கும் கனெக்டர்கள். ஒரு பிரிப்பானுக்கு மூன்று; பலகையையும் ரெசிஸ்டரையும்விட அந்த மூன்றுக்கு அதிகச் செலவு. பத்துப் படி மரத்தைத் தனித்தனி டப்பாக்களாகக் கட்டினால் 1,023 பிரிப்பான், 3,069 கனெக்டர். பதினாறு பங்கை ஒரே பலகையில் அச்சிட்டால் நடுவில் உள்ள அத்தனை மூட்டுகளும் காணாமல் போகும். ஒரு பலகைக்கு 17 கனெக்டர், மொத்தமே ஆயிரத்து இருநூறுக்குள். மூட்டு குறைந்தால் மழைநீர் புகும் வழியும் குறையும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் எட்டிப் பார்க்கும் அந்த மண்ணில், கேபிள்காரர் செய்தது போல மூட்டுகளை ரப்பர் நாடாவால் சுற்றி, கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளையம் விட்டு மாட்டுவதே இன்றும் நல்ல முறை. தண்ணீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும், டப்பாவுக்குள் ஏறாது.